ராணிப்பேட்டையிலிருந்து வெளிநாட்டு வேலை விசா: கன்சல்டன்சி 4.5 லட்சம் கேட்கிறாங்க, கட்டலாமா?

சிப்காட்_ராசா | 2025 ஆகஸ்ட் 9, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

வயசு 34. டிப்ளமோ மெக்கானிக்கல், 2011ல முடிச்சது. ராணிப்பேட்டை சிப்காட்ல பாய்லர் பாகங்கள் செய்யற ஃபேப்ரிகேஷன் யூனிட்ல க்வாலிட்டி இன்ஸ்பெக்டர். வெல்டை உடைக்காம சோதிக்கறதுக்கான ஏ.எஸ்.என்.டி. லெவல் 2 சர்டிபிகேட் இருக்கு, யூ.டி., எம்.டி., பி.டி.ங்கற மூணு சோதனை முறையிலயும். கைக்கு வர்றது 31 ஆயிரம். வீடு நவ்லாக் பக்கம். பையன் யு.கே.ஜி. மனைவி வேலூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸ்.

போன மாசம் வேலூர்ல ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க கொடி. "நியூசிலாந்து ஸ்கில்ட் மைக்ரன்ட், தொழில் தெரிஞ்சவங்க அங்கேயே குடியேறற விசா, 6 பாயின்ட் இருந்தா போதும், உங்களுக்கு அலேக்கா வரும்"னாங்க. மொத்தம் 4.5 லட்சம். வேலையும் அவங்களே வாங்கித் தருவாங்களாம். முதல் தவணை 75 ஆயிரம், இந்த மாசக் கடைசிக்குள்ள. அவசரப்பட்டு 15 ஆயிரம் டோக்கன் கட்டிட்டேன்.

ரசீது அரைத்தாள், கார்பன் காப்பி. "ஃபைல் ஓப்பனிங், ப்ரொஃபைல் பில்டிங், எம்ப்ளாயர் லயசன், டாக்குமென்டேஷன்"னு போட்டிருக்கு. அடியில பொடி எழுத்துல, எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது. ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கு, வேற எந்த நம்பரும் இல்ல.

மீதியைக் கட்டலாமா? இல்ல நானே அப்ளை பண்ற மாதிரி வழி இருக்கா? மனைவி நகையை வைக்கலாம்னு சொல்றா, எனக்குத்தான் மனசு ஒப்பல.

---

குடியாத்தம்_கிவி | ஆகஸ்ட் 10, காலை 5.12

ஆக்லாந்துல ஒம்பது வருஷமா இருக்கேன், சொந்த ஊர் குடியாத்தம். கட்டாதீங்க.

அந்த 6 பாயின்ட் கணக்கு உண்மைதான், 2023 அக்டோபர்ல இருந்து அப்படித்தான். ஆனா பாயின்ட் எதுக்குத் தர்றாங்கன்னு அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க. இளங்கலைப் பட்டத்துக்கு 3, முதுகலைக்கு 5, முனைவர் பட்டத்துக்கு 6. உங்க டிப்ளமோவுக்கு அந்த வரிசையில இடமே இல்ல. மீதி பாயின்ட் நியூசிலாந்துக்குள்ள வேலை செஞ்ச வருஷத்துக்கு ஒண்ணுன்னு, அதிகபட்சம் 3. எல்லாத்துக்கும் மேல, அரசு அங்கீகாரம் வாங்கின முதலாளி ஒருத்தர்கிட்ட வேலை கையில இருக்கணும். பாயின்ட் இருந்தா வேலை கிடைக்கும்னு அவங்க சொல்றாங்க. நிஜம் தலைகீழ், வேலை இருந்தாத்தான் பேச்சே ஆரம்பம்.

இன்னொண்ணு. நியூசிலாந்து குடியேற்றம் பத்திக் காசு வாங்கி ஆலோசனை சொல்லணும்னா அந்த நாட்டோட லைசென்ஸ் வேணும், வேலூர்ல உக்காந்து சொன்னாலும் சரி. வக்கீலுங்களுக்கும் இன்னும் சில பேருக்கும் விலக்கு உண்டு. யார்கிட்ட லைசென்ஸ் இருக்குன்னு இணையத்துல யாரும் தேடிப் பார்க்கலாம். அவங்க நம்பரைக் கேளுங்க. வேலை கொடுக்கறதுக்கு ஆள்கிட்ட காசு வாங்கறதும் இங்க சட்டப்படி குற்றம். அப்போ "எம்ப்ளாயர் லயசன்"னு எழுதியிருக்கானே, அந்தக் காசு யாருக்குப் போகுது?

---

திருவலம்_ஃபிட்டர் | ஆகஸ்ட் 10, காலை 9.03

தம்பி, நான் ரிட்டயர்டு ஆளு. 83ல பம்பாய் ஏஜென்ட்டுக்கு காசு கட்டி, லாட்ஜ்ல 40 நாள் படுத்துக்கினு, அப்பறம் சவுதில ஜுபைல் போனவன். எங்க அம்மா கம்மல் அங்க போச்சு. அதே வருஷந்தான் எமிக்ரேஷன் ஆக்ட் வந்துச்சு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கறவன் மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும். ஆளுகிட்ட வாங்கற சர்வீஸ் சார்ஜ் 30 ஆயிரம், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. அவ்ளோதான். அரசாங்கத்தோட இமைக்ரேட் சைட்ல பேரப் போட்டா பதிவு கீதா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

ஆனா இந்தக் காலத்துப் பசங்க கில்லாடிங்க. "நாங்க ஆள் எடுக்கல சார், டாக்குமென்டேஷன் சர்வீஸ்"னு ஒதுங்கிக்குவாங்க. அதனாலதான் உன் ரசீதுல நாலு வார்த்த. மூணு வார்த்த அவன் தப்பிக்கறதுக்கு. லயசன்னா முதலாளிகிட்ட பேசி ஆள சேத்து வுடறது. அத இங்கிலீஷ்ல எழுதிட்டான் பாரு, அந்த ஒரு வார்த்தையிலதான் அவன் மாட்டுவான். ரசீத பத்திரமா வையி, லேமினேட் பண்ணாத.

---

காட்பாடி_ஜங்ஷன் | ஆகஸ்ட் 10, காலை 11.26

அண்ணா, ஜெர்மனி சான்சன்கார்ட்டே பார்த்தீங்களா? 2024 ஜூன் 1ல இருந்து இருக்கு. வேலை கையில இல்லாமயே போய் ஒரு வருஷம் அங்கிருந்து தேடலாம். அதுலயும் 6 பாயின்ட்தான் வேணும், ஆனா கணக்கு வேற.

உங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். வயசு 35ஐத் தாண்டல, 2. படிச்ச தொழில்லயே கடைசி 7 வருஷத்துல 5 வருஷ அனுபவம், 3. ஆக 5. ஜெர்மன் மொழியில ஏ2 நிலைத் தேர்வு முடிச்சா இன்னொண்ணு, 6 ஆயிடுச்சு. டிப்ளமோவுக்கு அவங்க நாட்டு அமைப்புகிட்ட ஒரு சான்று வாங்கணும், அது தனி வேலை.

இடிக்கறது பணம். பிளாக்டு அக்கவுன்ட்ல மாசத்துக்கு 1,091 யூரோ வீதம் 12 மாசத்துக்கு 13,092 யூரோ முன்னாடியே போட்டுக் காட்டணும். நம்ம காசுல 13 லட்சம். உங்க பணந்தான், மாசாமாசம் திரும்ப வரும். ஆனா முதல்ல வேணுமே! வாரத்துக்கு 20 மணி நேரம் பார்ட் டைம் பார்க்கலாம். வருஷம் முடிஞ்சும் வேலை அமையலேன்னா திரும்ப காட்பாடிதான். என் ரூம்மேட் ஒருத்தன் அப்படித்தான் வந்தான். பி.டெக், நல்ல மூளை. ஜெர்மன்தான் வரல.

---

சிப்காட்_ராசா | ஆகஸ்ட் 10, இரவு 9.55

13 லட்சத்துக்கு நான் எங்க போவேன்.

அனுபவம் பத்தி ஒரு சிக்கல் சொல்லணும். 12 வருஷமா ஒரே கேட்டுலதான் உள்ள போறேன், ஒரே ஷெட், ஒரே அல்ட்ராசானிக் மிஷின். ஆனா காண்ட்ராக்டர் மூணு பேர் மாறிட்டாங்க. முதல் ஆள் இப்ப உயிரோட இல்ல, ரெண்டாவது ஆள் தொழிலையே விட்டுட்டாரு. இப்ப இருக்கறவர் லெட்டர் தருவாரு, ஆனா 2021ல இருந்துதான் போடுவாரு. ஃபேக்டரிக்காரங்க "நீ எங்க ரோல்ல இல்லியேப்பா"ங்கறாங்க. கன்சல்டன்சியில, "அதெல்லாம் நாங்க லெட்டர் ரெடி பண்ணிக்கறோம்"னு சொன்னாங்க.

---

ஆம்பூர்_ஃபினிஷிங்_பாய் | ஆகஸ்ட் 10, இரவு 10.20

அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் ஓடி வந்தேன். வேணாம் தம்பி. பொய் லெட்டர் ஒண்ணு மாட்டுச்சுன்னா அந்த நாடு பல வருஷத்துக்குக் கதவைச் சாத்திடும். அடுத்த நாட்டு ஃபார்ம்லயும் "இதுக்கு முன்ன விசா மறுத்திருக்காங்களா"ன்னு கேள்வி இருக்கும். ஏஜென்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, கையெழுத்து நீங்க போட்டது.

நான் டேனரி ஆள். எத்தியோப்பியாவுல 4 வருஷம் ஃபினிஷிங் டெக்னீஷியன், அதுக்கு முன்னாடி ஆம்பூர், பேர்ணாம்பட்டுல 15 வருஷம். எனக்கும் பாதி கம்பெனி மூடிட்டாங்க. என்னைக் காப்பாத்தினது பி.எஃப். பாஸ்புக். யூ.ஏ.என். நம்பரைப் போட்டு உள்ள போனா, எந்த மாசம் எந்தக் கம்பெனி உங்களுக்குப் பணம் கட்டினான்னு வரிசையா நிக்கும். மூணு காண்ட்ராக்டரும் ஒழுங்கா கட்டியிருந்தா மூணு பேரும் அதுல இருப்பாங்க. அதோட பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி பிடிச்சிருந்தா ஃபார்ம் 16. உங்க ஷெட்ல ஃபோர்மேனோ மேனேஜரோ இருந்து ரிட்டயர் ஆனவர் யாராவது என்ன வேலை செஞ்சீங்கன்னு விவரமா எழுதிக் கையெழுத்துப் போட்டா அதையும் சேர்க்கலாம். எல்லா நாடும் ஒத்துக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா இதெல்லாம் நிஜம், எங்க கேட்டாலும் நிக்கும்.

---

சிப்காட்_ராசா | ஆகஸ்ட் 10, இரவு 11.48

இப்பதான் பாஸ்புக் தொறந்தேன் பாய். 2016ல 8 மாசம் கட்டவே இல்ல. சம்பளத்துல பிடிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

---

டப்ளின்_ஐசியூ_அக்கா | ஆகஸ்ட் 11, அதிகாலை 3.30

நைட் ட்யூட்டி பிரேக்ல படிச்சிட்டிருக்கேன். பாகாயத்துப் பொண்ணு நான், அயர்லாந்துல ஆறு வருஷம்.

மேல ஏழு பதிவு ஓடிடுச்சு, எல்லாரும் ராசாவோட டிப்ளமோவையே நோண்டிட்டிருக்கீங்க. அவர் முதல் பதிவுல "மனைவி நர்ஸ்"னு ஒரு வரி எழுதினாரே, அதை ஒருத்தர்கூட திரும்பிப் பார்க்கல! ராசா, அவங்க பி.எஸ்சி.யா, ஜி.என்.எம். டிப்ளமோவா? எந்த வார்டு? எத்தனை வருஷம்? நடுவுல கேப் இருக்கா? கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிச்சு வச்சிருக்காங்களா?

---

சிப்காட்_ராசா | ஆகஸ்ட் 11, காலை 7.10

பி.எஸ்சி. நர்சிங், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். 9 வருஷ அனுபவம், அதுல 6 வருஷம் ஐசியூ. குழந்தை பொறந்தப்ப 7 மாசம் கேப். ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கு.

ஆனா அக்கா, நேராவே கேக்கறேன். நான் அவ விசாவுல ஒட்டிக்கிட்டுப் போறதா? எங்க சித்தப்பா ஒருத்தர் இருக்காரு, கல்யாணம் காதுகுத்துன்னு எங்க பார்த்தாலும் "பொண்டாட்டி தயவுல பிளேன் ஏறினவன்"னு ஆரம்பிச்சிடுவாரு.

---

டப்ளின்_ஐசியூ_அக்கா | ஆகஸ்ட் 11, காலை 7.31

சித்தப்பா உங்களுக்கு 31 ஆயிரத்துக்கு மேல ஏதாவது போட்டுத் தர்றாரா?

---

திருவலம்_ஃபிட்டர் | ஆகஸ்ட் 11, காலை 8.15

அய்யய்யோ, அக்கா ஒரே வெட்டா வெட்டிட்டாங்க.

தம்பி, ஜுபைல்ல என் ரூம்ல ஒரு கோட்டயத்துக்காரன் இருந்தான். பொண்டாட்டி அங்க ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸு. அவ விசாவுலதான் இவன் வந்தான். நாங்கல்லாம் சிரிச்சோம். எங்களுக்கு வருஷத்துல ஒரு மாசம் லீவு, அவன் மட்டும் தினம் வீட்டுச் சாப்பாடு சாப்ட்டான். அப்பறம் இன்னா சிரிக்கறது?

---

வாலாஜா_மணி | ஆகஸ்ட் 11, காலை 10.02

நர்ஸ்னா இங்கிலாந்து பெஸ்ட். அங்க கேர் ஒர்க்கர் விசா ஈசியா கொடுக்கறாங்க, இங்கிலீஷ் மார்க் கம்மியா இருந்தாலும் பரவால்ல. என் ஃப்ரெண்டு போனான்.

---

டப்ளின்_ஐசியூ_அக்கா | ஆகஸ்ட் 11, காலை 10.44

மணி, உங்க ஃப்ரெண்டு போனது பழைய கதை. 2025 ஜூலை 22லயே வெளிநாட்டுல இருந்து கேர் ஒர்க்கர் எடுக்கறதை நிறுத்திட்டாங்க. அதுக்கும் முன்னாடி, 2024 மார்ச்லயே, கேர் ஒர்க்கர் குடும்பத்தைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு போட்டாச்சு. இன்னும் அந்த விசான்னு யாராவது காசு கேட்டா அது பகல் கொள்ளை.

நர்ஸ் விஷயம் வேற. நர்ஸுக்கு இங்கிலாந்து இன்னும் திறந்துதான் இருக்கு, குடும்பமும் போகலாம். வேலூர்லயே உக்காந்து படிச்சு, இந்தியாவுலயே கம்ப்யூட்டர் தேர்வு எழுதி, அங்க போய் ஆஸ்கிங்கற செய்முறைத் தேர்வு கொடுக்கணும். ஆனா முந்தி மாதிரி கூட்டம் கூட்டமா எடுக்கறது குறைஞ்சிடுச்சு. என் பேட்ச்மேட் ரெண்டு பேர் தேர்வு பாஸாகி வேலைக்காகக் காத்திருக்காங்க.

---

ஹனோவர்_நைட்_ட்யூட்டி | ஆகஸ்ட் 11, இரவு 8.20

ஆரணி ரோடு ஆளு நான், இப்ப ஜெர்மனியில ஹனோவர். நர்ஸுங்களுக்கு ஜெர்மனி எப்படின்னு சொல்லிடறேன், நல்லது கெட்டது ரெண்டையும்.

நல்லது: காசு கட்ட வேண்டியதில்ல. ட்ரிபிள் வின்னுனு அவங்க அரசாங்கமே 2013ல இருந்து ஒரு திட்டம் நடத்துது. தனியார் ஏஜென்சின்னாலும், அவங்க அரசோட தர முத்திரை வாங்கினவங்க நர்ஸுகிட்ட ஒரு பைசா வாங்கக் கூடாது, எல்லாம் ஆஸ்பத்திரி கொடுக்கணும். வீட்டுக்காரருக்கு அங்க வேலை செய்ய முழு உரிமை.

கெட்டது மொழி. ஜெர்மன்ல பி1 நிலை வச்சு விசா வாங்கிடலாம், ஆனா முழு நர்ஸா அங்கீகாரம் கிடைக்க அதுக்கு மேல பி2 வேணும். வேலை பார்த்துக்கிட்டே படிச்சா ஒரு வருஷம் சுளையா போகும். எனக்கு 14 மாசம் ஆச்சு. அங்க இறங்கின பிறகும் அடாப்டேஷன் கோர்ஸ், அதாவது ஆஸ்பத்திரியிலயே மேற்பார்வையில வேலை பழகறது, இல்லாட்டி தேர்வு. அது முடியற வரைக்கும் உதவியாளர் சம்பளம்தான்.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். முதல் நாள் காலை 6 மணிக்கு என் கையில ஒரு தண்ணிப் பாத்திரம், ரெண்டு துண்டு கொடுத்தாங்க. ஒரு துண்டு முகம், மேல் உடம்புக்கு, இன்னொண்ணு இடுப்புக்குக் கீழ. ஏழு பேரைக் குளிப்பாட்டி, சவரம் பண்ணி, பல்செட் கழுவி மாட்டி, உக்கார வச்சுச் சாப்பாடு கொடுத்து முடிக்க 9.30. நம்ம ஊர்ல இதெல்லாம் அட்டெண்டர் செய்வாங்க, இல்லன்னா கட்டிலுக்கடியில பாய் போட்டுப் படுத்திருக்கற மகளோ மருமகளோ. வென்டிலேட்டர் பார்த்த கையில பல்செட்டான்னு பாத்ரூம்ல நின்னு அழுதேன். ஒரு மாசம். இப்ப பழகிடுச்சு. அந்தத் தாத்தாங்க பேசற பேச்சுலதான் என் ஜெர்மனே தேறிச்சு, கோர்ஸுல இல்ல. உங்க மனைவிகிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டுங்க.

---

டப்ளின்_ஐசியூ_அக்கா | ஆகஸ்ட் 12, மாலை 4.05

ஹனோவர் சொன்னது அத்தனையும் நிஜம், நல்லா சொல்லியிருக்கீங்க. ஐசியூ ஆளுக்கு ஜெர்மனி கொஞ்சம் மனசு கஷ்டந்தான். அதனால அயர்லாந்தையும் சொல்லிடறேன், அப்புறம் அவங்க முடிவு.

மொழி பிரச்சினை இல்ல. ஓ.இ.டி.ங்கற மருத்துவத் துறைக்கான இங்கிலீஷ் தேர்வு எழுதணும். நர்ஸுங்களுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.ஸை விட அதுதான் வசதின்னு நான் சொல்வேன், பேசறது எழுதறது எல்லாம் ஆஸ்பத்திரிச் சமாச்சாரம். ரைட்டிங்லதான் நம்ம ஆளுங்க விழுவாங்க. ஒரு நோயாளியோட கேஸ் நோட்ஸ் கொடுப்பான். 5 நிமிஷம் படிக்க, 40 நிமிஷம் எழுத, 180லிருந்து 200 வார்த்தைக்குள்ள ஒரு லெட்டர். நோட்ஸ்ல இருக்கறதை எல்லாம் கொட்டினா மார்க் போச்சு. யாருக்கு எழுதறோமோ அவருக்கு எது வேணுமோ அது மட்டும் போகணும். வீட்டுக்கு வந்து பார்க்கற நர்ஸுக்கு எழுதும்போது 1998ல எடுத்த அப்பெண்டிக்ஸ் எதுக்கு?

அடுத்தது அயர்லாந்து நர்சிங் கவுன்சில்ல விண்ணப்பம். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல இருந்து வெரிஃபிகேஷன் நேரா அவங்களுக்குப் போகணும், உங்க கையில கொடுத்து அனுப்பினா செல்லாது. எல்லாம் பார்த்துட்டு ஒரு முடிவுக் கடிதம் வரும், அடாப்டேஷன் இல்லாட்டி டப்ளின்ல ஆப்டிட்யூட் டெஸ்ட். அதை முடிச்சாத்தான் பதிவு. நர்ஸ் வேலை கிரிட்டிகல் ஸ்கில்ஸ்ங்கற ஆள் தட்டுப்பாடு வேலைப் பட்டியல்ல இருக்கு. அந்த பெர்மிட்ல வந்தா கணவருக்கு ஸ்டாம்ப் 1ஜி, தனியா பெர்மிட் இல்லாம எந்த வேலையும் பார்க்கலாம். பெர்மிட் ஃபீஸ் 1,000 யூரோ, பெரும்பாலும் ஆஸ்பத்திரியே கட்டிடும்.

கஷ்டம் ரெண்டு. டப்ளின்ல ஒரு பெட்ரூம் வீடு 2,000 யூரோவை ஒட்டி நிக்குது, கிடைச்சா அதிர்ஷ்டம். ரெண்டாவது, அடாப்டேஷனோ டெஸ்டோ முடியற வரைக்கும் குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாது. அவங்க தனியாத்தான் வரணும், நீங்களும் பையனும் சில மாசம் கழிச்சு. அதை இப்பவே வீட்டுல பேசிடுங்க. நான் பேசாம வந்தேன். என் பொண்ணு வீடியோ காலுக்கே வர மாட்டேன்னு நாலு மாசம் அடம் பிடிச்சா.

ராசா, உங்க லெவல் 2 சர்டிபிகேட்டை வீணாக்காதீங்க. இங்க வந்து தேடுங்க. பெர்மிட் கேட்டு நிக்கற ஆளையும், ஏற்கெனவே வேலை உரிமையோட இருக்கற ஆளையும் முதலாளி ஒரே மாதிரி பார்க்க மாட்டான்.

---

குடியாத்தம்_கிவி | ஆகஸ்ட் 12, இரவு 11.50

நியூசிலாந்துலயும் ரெஜிஸ்டர்டு நர்ஸ், ஆள் தட்டுப்பாடு வேலைகளோட கிரீன் லிஸ்ட்ல மேல் தட்டுல இருக்கு, வேலை கிடைச்சா நேரா ரெசிடென்ஸ் கேட்கலாம். தியரி தேர்வு, அப்புறம் கிரைஸ்ட்சர்ச்ல ஆஸ்கி. ஆனா சொல்லிடறேன், இப்ப இங்க நர்ஸ் வேலை முந்தி மாதிரி சுலபமா கிடைக்கல. அக்கா வழியே மேல்.

---

மூணு_பேர்காரி | ஆகஸ்ட் 14, இரவு 10.30

வணக்கம். நான்தான் அந்த "மனைவி நர்ஸ்". ரெண்டு நாளா ராத்திரி போனை வச்சிக்கிட்டு சிரிக்கறாரேன்னு பிடுங்கிப் பார்த்தேன். என்னைப் பத்தி ஊரே பேசுது, எனக்கு மட்டும் தெரியல.

ஹனோவர் அண்ணா, பல்செட்டுக்கு நான் பயப்படல. எங்க மாமனாருக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம் படுக்கையில இருந்தப்ப எல்லாம் நான்தான் பார்த்தேன். ஆனா ஜெர்மன் படிக்க டைம் இல்ல, 12 மணி நேர ஷிஃப்ட். அதனால அயர்லாந்துன்னு முடிவு பண்ணிட்டேன். பையனை விட்டுட்டுப் போறது பத்தி இப்ப எழுத மாட்டேன்.

என் பிரச்சினை வேற. சர்டிபிகேட் எல்லாத்தையும் பாய்ல பரப்பி வச்சுப் பார்த்தேன். பத்தாவது மார்க்‌ஷீட்ல பேருக்குப் பின்னாடி இனிஷியல். டிகிரில முன்னாடி. நர்சிங் கவுன்சில் பதிவுல இனிஷியல் இல்ல, அப்பா பேரே முழுசா. பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்தது, சர்நேம் கட்டத்துல இவர் பேரை நானே போட்டேன். என் பேருல "செல்வி" வருது. இங்கிலீஷ்ல டிகிரில எஸ், பாஸ்போர்ட்ல சி எச். பிறப்புச் சான்றிதழ்ல மாவட்டம் "வட ஆற்காடு அம்பேத்கர்", பாஸ்போர்ட்ல வேலூர், ஆதார்ல ராணிப்பேட்டை. வெளிநாட்டுக்காரன் பார்த்தா இது மூணு பொண்ணுங்கன்னுதான் நினைப்பான்.

---

திருவலம்_ஃபிட்டர் | ஆகஸ்ட் 15, காலை 6.40

மாவட்டத்துக்கு நீ கவலப்படாதம்மா. நான் வீட்டு வாசல விட்டு நகரல, வட ஆற்காட்டுல பொறந்தேன், 89ல அம்பேத்கர் மாவட்டம் ஆச்சு, அப்பறம் வேலூர். உங்களுக்கு 2019ல ராணிப்பேட்டையும் சேந்துச்சு. அது அரசாங்கம் மாத்துனது, ஜி.ஓ. கீது. பேருதான் நீ மாத்துனது.

---

டப்ளின்_ஐசியூ_அக்கா | ஆகஸ்ட் 15, மதியம் 1.15

வா தங்கச்சி! உன் கையால எழுதினியே, அதுவே பெரிசு.

ஒவ்வொண்ணா எடுப்போம். கணவர் பேர் சர்நேமா வந்தது பிரச்சினையே இல்ல, கல்யாணப் பதிவுச் சான்று காட்டினா போதும். கோயில் ரசீதும் போட்டோ ஆல்பமும் செல்லாது. சார்பதிவாளர்கிட்ட பதிவு பண்ணின சான்று வேணும். பண்ணலைன்னா இப்பவே பண்ணு.

இனிஷியல் முன்ன பின்ன இருக்கறதும், விரிஞ்சு அப்பா பேரானதும் தமிழ்நாட்டு நர்ஸுங்க எல்லாருக்கும் இருக்கற நோய். நோட்டரிகிட்ட அஃபிடவிட், இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு. என் விஷயத்துல அது போதுமா இருந்தது.

எஸ், சி எச் சமாச்சாரந்தான் உதைக்கும். அது வேற எழுத்து, இனிஷியல் இல்ல. ரெண்டு வழி இருக்கு. பாஸ்போர்ட்டை டிகிரில இருக்கற மாதிரி மாத்தி ரீ-இஷ்யூ வாங்கறது ஒண்ணு. இல்லைன்னா தமிழ்நாடு அரசிதழ்ல பேர் மாற்றம் போட்டுட்டு எல்லாத்தையும் பாஸ்போர்ட்டுக்கு இழுக்கறது. டிகிரியை மாத்தறதை விட பாஸ்போர்ட்டை மாத்தறது லேசு. ஓ.இ.டி.க்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி மாத்து. தேர்வு ரிசல்ட்ல ஒரு பேர், பாஸ்போர்ட்ல ஒரு பேர்னா மறுபடி முதல்ல இருந்து.

---

மூணு_பேர்காரி | ஆகஸ்ட் 15, இரவு 9.20

கல்யாணம் பதிவே பண்ணல அக்கா. ஏழு வருஷம் ஆச்சு. திங்கட்கிழமை ரெண்டு பேரும் லீவு போட்டிருக்கோம்.

---

சிப்காட்_ராசா | ஆகஸ்ட் 23, இரவு 8.00

கன்சல்டன்சி அப்டேட். கிவி அண்ணன் சொன்ன மாதிரி நியூசிலாந்து லைசென்ஸ் நம்பர் கேட்டேன். "டெல்லி ஹெட் ஆபீஸ்ல இருக்கு சார்"னாங்க. இந்தியப் பதிவு நம்பர் கேட்டேன். "அது கல்ஃபுக்கு மட்டுந்தான் சார்"னாங்க. ரசீதை எடுத்து "லயசன்"னு விரலை வச்சுக் காட்டினேன். அந்தப் பொண்ணு எழுந்து உள்ள போச்சு, ஒரு சார் வந்தாரு. அதுவரைக்கும் "நீங்க"ன்னு பேசினவர், "இன்னா தம்பி ஓவரா பேசற"ன்னு ஆரம்பிச்சாரு.

நானும் 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சேன். 5 லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்துல கட்டணமே இல்லாம வழக்குப் போடலாம்னு பாய் தனியா மெசேஜ்ல சொன்னாரு. அதையும் அவங்ககிட்ட சொன்னேன். எட்டாவது நாள் 10 ஆயிரம் ஜிபே-ல வந்துச்சு. 5 ஆயிரம் "ஃபைல் ஓப்பனிங்"காம். எந்த ஃபைலைத் தொறந்தாங்களோ.

---

ஆம்பூர்_ஃபினிஷிங்_பாய் | ஆகஸ்ட் 23, இரவு 8.14

5 ஆயிரத்தையும் விடாதீங்க. அப்புறம் அந்த 8 மாச பி.எஃப்.? அதுக்கும் புகார் போட்டீங்களா இல்லையா?

---

சிப்காட்_ராசா | ஆகஸ்ட் 23, இரவு 8.40

போட்டாச்சு பாய்.

---

மூணு_பேர்காரி | 2026 பிப்ரவரி 7, மதியம் 2.50

யாராவது இருக்கீங்களா? இவ்வளவு நாள் எழுதாததுக்கு மன்னிக்கணும்.

கல்யாணம் பதிஞ்சாச்சு. பாஸ்போர்ட் எஸ்ஸுக்கு மாறிடுச்சு, வேலூர் ஹெட் போஸ்ட் ஆபீஸ்லயே முடிச்சோம். ஓ.இ.டி. முதல் தடவை ரைட்டிங்ல சி, அக்கா சொன்ன அதே தப்பு. ஒரு வயசானவரோட கண் ஆபரேஷனைத் தூக்கி லெட்டர்ல போட்டுட்டேன், அவரோ விழுந்து இடுப்பு உடைச்சுக்கிட்டவர். ரெண்டாவது தடவை நாலுமே பி. ரெண்டு தடவையும் ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல இவரும் பையனும் கூடவே வந்தாங்க. நான் உள்ள எழுத, இவங்க வெளிய மரத்தடியில. ரெண்டாவது தடவை வெளிய வந்து பார்த்தா, இவர் என் பழைய கேஸ் நோட்ஸ் பிரிண்டை மடியில வச்சிக்கிட்டு பையனுக்கு "இடுப்பு எலும்பு"க்கு இங்கிலீஷ்ல என்னன்னு சொல்லிக் கொடுத்துட்டிருக்காரு.

கவுன்சில் வெரிஃபிகேஷன் போயிடுச்சு, அயர்லாந்து முடிவுக் கடிதத்துக்காகக் காத்திருக்கேன். அக்கா, ஒரே ஒரு கேள்வி. டெஸ்ட்டா அடாப்டேஷனா, ரெண்டுல எதை எடுக்கட்டும்?

---

டப்ளின்_ஐசியூ_அக்கா | பிப்ரவரி 7, இரவு 7.05

நாலும் பி-யா! சபாஷ். அடாப்டேஷன் இடம் கொடுக்கற ஆஸ்பத்திரி கிடைச்சா அதை எடு, அங்கேயே ஆள் பழகிடும். கிடைக்கலைன்னா டெஸ்ட். கடிதம் வந்ததும் எனக்கு மெசேஜ் பண்ணு, இங்க போடாத, உன் பேர் அதுல முழுசா இருக்கும்.

---

மூணு_பேர்காரி | பிப்ரவரி 7, இரவு 7.12

ஒரே பேர்தான் அக்கா இப்ப.

---

திருவலம்_ஃபிட்டர் | பிப்ரவரி 9, காலை 9.30

சந்தோஷம் தாயி. சித்தப்பாவுக்கு யாராச்சும் சொல்லியாச்சா?

இந்த இழைய மூடிடாதீங்கபா. எங்க தெருப் பையன் ஒருத்தன், ஐ.டி.ஐ. வெல்டர், நேத்து ஒரு ரசீத கொண்ணாந்து காட்டறான். அரைத்தாளு, கார்பன் காப்பி, ஃபைல் ஓப்பனிங், எம்ப்ளாயர் லயசன், எல்லாம் அப்படியே கீது. நாடு மட்டும் கனடா. தொகை 6 லட்சம். அவனுக்கு இத்த வாட்ஸப்புல எப்படி அனுப்பறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.